இருக்கையின் உயரம்

செங்கல்பட்டில் வாங்கிய அடுக்ககத்துக்குக் குடிவந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. கூடத்தில் எல் வடிவச் சோபா, தொலைக்காட்சிக்கென்று சுவர் முழுக்க ஒரு மரத்தடுப்பு, கண்ணாடி பதித்த உணவு மேசை, அதைச் சுற்றி ஆறு நாற்காலிகள், பால்கனியில் இரண்டு மூங்கில் மோடாக்கள். எண்ணிப் பார்த்தால் பதினான்கு பேர் ஒரே நேரத்தில் அமரலாம். அன்று மாலை கல்லூரியிலிருந்து திரும்பிக் கதவைத் திறந்தபோது, காவாந்தண்டலத்திலிருந்து எங்களோடு வந்துவிட்ட அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். அறுபத்திரண்டாயிரம் ரூபாய்ச் சோபா அவள் முதுகுக்குச் சாய்மானமாகப் பயன்பட்டுக்கொண்டிருந்தது.

"ஏம்மா, இத்தினி கெடக்குது, மேல உக்காரக் கூடாதா?" என்றேன்.

"உக்காந்தா எழுந்துக்க முடிலப்பா. உள்ள இழுக்குது. தரைன்னா கைய ஊனியாவது எழுந்துக்கலாம்" என்றாள்.

முழங்கால் தேய்மானத்துக்கு மருந்து சாப்பிடுகிறவள். தரையில் உட்காரக் கூடாது என்பது மருத்துவரின் முதல் கட்டளை. பதினான்கு இருக்கைகள் உள்ள வீட்டில் அவளுக்கு ஓர் இருக்கை இல்லை. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. உணவு மேசை நாற்காலியில் அவள் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாமல் தொங்குவதை அந்த வாரம் முழுவதும் பார்த்திருந்தேன். பார்த்தும் காணாமல் இருந்திருக்கிறேன்.

தமிழ் படித்தவனுக்கு எதையும் சொல்லிலிருந்து தொடங்குவதே வழக்கம். மேசை, அலமாரி, ஜன்னல் மூன்றும் போர்ச்சுக்கீசியரிடமிருந்து வந்தவை. சோபாவின் வேர் அரபி. அறைகலன் என்று நாம் ஆக்கிக்கொண்ட சொல் பாடநூலைத் தாண்டி வீட்டுக்குள் வரவில்லை. வீட்டில் அது இன்றும் மரச்சாமான்தான். நாற்காலியும் முக்காலியும் தமிழ்ச்சொற்கள் என்றாலும் அவை காலை மட்டுமே எண்ணுகின்றன. உட்காருகிறவரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மாறாகப் பாய், மணை, பலகை, கட்டில், தவிசு, ஊஞ்சல் என்று பழைய வரிசை ஒன்று இருக்கிறது. இதில் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள், ஒரு வேளை, ஒரு தகுதி உண்டு. மணையில் மாப்பிள்ளை அமர்வார். தவிசில் அரசன் அமர்வான்.

புறநானூற்றின் ஐம்பதாம் பாட்டை ஆண்டுதோறும் நடத்துகிறேன். களைத்து வந்த மோசிகீரனார் முரசு வைக்கும் கட்டில் என்று அறியாமல் அதில் படுத்து உறங்கிவிடுகிறார். வாளால் தண்டிக்கத்தக்க குற்றம் அது. தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையோ வாளை எடுக்காமல் கவரியை எடுத்து வீசுகிறான். புலமையை மதித்த அரசன் என்று மாணவர்களுக்கு விரித்துரைத்துவிட்டு வகுப்பை முடிப்பேன். ஒரு கட்டிலில் படுத்ததற்காக ஒருவர் உயிரை இழக்கக்கூடிய உலகம் அந்தப் பாட்டின் பின்னணியில் இருக்கிறது என்பதை அம்மா தரையில் உட்கார்ந்திருந்த அன்றைக்குத்தான் உணர்ந்தேன். எந்த மரச்சாமானும் இருவகைப் பட்டியலை உடையது: அமரலாம் என்போர் ஒரு பக்கம், அமரக் கூடாது என்போர் மறுபக்கம்.

எங்கள் வீட்டுக்கும் அந்தப் பட்டியல் இருந்தது. காவாந்தண்டலம் உத்திரமேரூர்ப் பக்கத்தில் செய்யாற்றங்கரை ஊர். தண்டலை என்றால் சோலை. ஊர்ப்பெயரின் வாலில் அந்தச் சோலை ஒட்டிக்கொண்டிருப்பதாக நான் எண்ணிக்கொள்வதுண்டு. நாட்டு ஓடு வேய்ந்த வீடு. வாசலில் இரு பக்கமும் திண்ணை. உள்ளே கூடம், முற்றம், பின்கட்டு. கூடத்தில் நான்கு இரும்புச் சங்கிலியில் தொங்கிய ஊஞ்சல். ஓரமாகக் கித்தான் துணி மாட்டிய சாய்வு நாற்காலி. நாற்காலி அப்பாவுக்கு. ஊஞ்சல் அப்பாவுக்கும் அவரைப் பார்க்க வரும் உறவுக்காரர்களுக்கும், அவர்கள் இல்லாதபோது எங்களுக்கும். திண்ணை வழிப்போக்கருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும். கழனி வேலைக்கு வருகிறவர்கள் தெருவில் நின்றபடியே கூலி பேசிவிட்டுப் போவார்கள். மழை நாளிலும் அவர்கள் திண்ணை ஏறியதில்லை. ஏறுங்கள் என்று நாங்கள் சொன்னதுமில்லை. வழிப்போக்கனுக்கு இடம் தந்த தமிழர் பண்பாடு என்று திண்ணையைப் பற்றி ஒரு கருத்தரங்கில் நான் கட்டுரை வாசித்திருக்கிறேன். கைதட்டினார்கள். கட்டுரையில் அந்த மழையும் இல்லை, அவர்களும் இல்லை.

அம்மாவுக்கென்று அந்த வீட்டில் இருந்தவை இரண்டு. ஒன்று அடுப்பங்கரையில் ஒரு சாண் அகல மணைப்பலகை. மற்றொன்று அரிவாள்மணை.

ஆனால் மதிய வேளைகளில், அப்பா கழனிக்குப் போயிருக்கும்போது, அவள் ஊஞ்சலில் உட்காருவாள். ஒரு காலை மடித்து, மற்றதைத் தரையில் உந்தி உந்தி மெல்ல ஆடுவாள். சங்கிலியின் கிறீச்சொலி ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருக்கும். பள்ளி விடுமுறை நாள்களில் அந்த ஒலியில் நான் உறங்கியிருக்கிறேன். தெருமுனையில் அப்பாவின் மிதிவண்டி மணி கேட்டதும் எழுந்து உள்ளே போய்விடுவாள். அப்பா நுழையும்போது யாருமில்லாத பலகை மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். அவர் அதைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டு உட்காருவார். ஏன் ஆடுகிறது என்று அவர் கேட்டதே இல்லை. அவருக்குத் தெரிந்துதான் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். அதட்டியவர் அல்லர், அடித்தவர் அல்லர். உட்காரு என்று சொல்லத் தோன்றாதவர், அவ்வளவுதான்.

கி. ராஜநாராயணனின் 'நாற்காலி' கதை இதைப் படிக்கும் நண்பர்களுக்கு நினைவிருக்கும். நாற்காலியே இல்லாத வீடு. வந்த விருந்தாளி முக்காலியிலிருந்து விழுந்து வைக்க, ஒரு நாற்காலி செய்தே தீருவது என்று முடிவாகிறது. வந்த நாற்காலியில் உட்கார வீட்டுப் பிள்ளைகளுக்குள் போட்டி. பிறகு ஊரில் ஒரு சாவு விழ, பிணத்தை உட்காரவைக்க அதை இரவல் கேட்கிறார்கள். திரும்பி வந்த நாற்காலியில் உட்கார யாருக்கும் மனம் வரவில்லை. மாணவர்கள் சிரித்துச் சிரித்துப் படிக்கும் கதை. ஒரு பொருள் வீட்டுக்குள் வருவது என்பது ஒரு மதிப்பு வீட்டுக்குள் வருவது. யார் உட்கார்ந்தார் என்பதைப் பொறுத்து அந்த மதிப்பு மாறிவிடும். கி.ரா. அதை ஒரு சிரிப்பில் சொல்லிவிட்டார்.

அப்பா மறைந்த பின் நானும் தம்பியும் வீட்டை இடித்துப் பாகம் பிரித்துக்கொண்டோம். தூண், உத்தரம், நிலை, கதவு, ஊஞ்சல் எல்லாவற்றையும் பழைய மரம் வாங்கும் வியாபாரி ஒருவர் மொத்த விலை பேசி லாரியில் ஏற்றிப் போனார். அன்று அம்மா பின்கட்டு வேம்பின் அடியில் நின்றிருந்தாள். ஊஞ்சலைக் கொடுக்கலாமா என்று அவளிடம் நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. அப்பாவின் மகன்தானே நான்.

சோபாவால் பயனில்லை என்றானதும் வேறொன்று தேடிச் சென்னைக்குப் போனேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓர் அறைகலன் காட்சியகம். இன்றைய மோஸ்தர்கள் எல்லாம் அங்கே வரிசையில் இருந்தன. ஸ்காண்டிநேவியப் பாணி என்று வெளிறிய நிறத்தில் மெல்லிய கால்கள். மினிமலிசம் என்று ஏறக்குறைய ஒன்றுமில்லாத அறை. அந்தக் காலத்துத் தோற்றம் என்று வேண்டுமென்றே சாயம் உரித்த பீரோ. பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பது மரத்தூளையும் சீவலையும் பிசினோடு சேர்த்து அழுத்திய பலகை; மேலே மரத்தின் படம் அச்சிட்ட தாள். ஒருமுறை திருகாணியைக் கழற்றி மாட்டினால் பிடிப்பு தளர்ந்துவிடும். தண்ணீர் பட்டால் உப்பும். அதைக் குறையாகச் சொல்லவில்லை. தேக்கில்தான் அலமாரி என்றால் என்னைப் போன்ற சம்பளக்காரர்களில் பாதிப் பேர் வீட்டில் அலமாரி இருக்காது.

ஒரு மூலையில், கண்ணாடிக் கால்களின் மேல், ஒரு பழைய ஊஞ்சல் பலகை காப்பி மேசையாகக் கிடந்தது. நான்கு மூலையிலும் சங்கிலி மாட்டும் பித்தளை வளையங்கள் மெருகேற்றப்பட்டுப் பளபளத்தன. எங்கள் வீட்டுப் பலகை அன்று அது. எங்களுடையது இன்னும் அகலம். ஆயினும் நெடுநேரம் அங்கேயே நின்றேன். அதன் மேல் ஒரு பூச்சாடியும் ஓவியப் புத்தகமும் இருந்தன. உட்காருவதற்கென்று இழைத்த பலகையில் இனி யாரும் உட்காரமாட்டார்கள்.

பக்கத்தில் இருந்தது இன்னொரு மேசை. மரத்தை நெடுக அறுத்து, ஓரத்தைச் சீவாமல் மரத்தின் இயல்பான வளைவோடு விட்டிருந்தார்கள். 'லைவ் எட்ஜ்' என்றார் விற்பனைப் பையன். இப்போது அதுதான் ஓடுகிறதாம். வேறொன்றில் இரு பலகைகளுக்கு நடுவே நீலப் பிசினை ஊற்றி ஆறு ஓடுவதுபோல் செய்திருந்தார்கள். செய்யாற்றில் பெரும்பாலான மாதங்களில் ஓடாத நீர் அந்த மேசையில் ஓடிக்கொண்டிருந்தது.

சீவாத ஓரத்தை நவீன அறைகலன் உலகில் நிலைநிறுத்தியவர்களில் முதன்மையானவர் ஜார்ஜ் நகாஷிமா. ஜப்பானியப் பெற்றோருக்கு 1905இல் அமெரிக்காவில் பிறந்தவர், கட்டடக்கலை படித்தவர். 1930களின் இறுதியில், டோக்கியோவில் இருந்த அன்டோனின் ரேமண்டின் அலுவலகம் அவரைப் புதுச்சேரிக்கு அனுப்பியது. அரவிந்தர் ஆசிரமத்துக்காகக் 'கோல்கொண்டா' என்ற தங்குமிடத்தைக் கட்டும் பணி அது. வலுவூட்டிய கான்கிரீட்டில் எழுந்த அந்தக் கட்டடத்தின் நெடும்பக்கங்களில் சாய்த்துத் திறக்கும் கிடைப்பலகைகள்; காற்று தடையில்லாமல் உள்ளே வரும், வெயில் வராது. அறைக்குரிய மரச்சாமான்களையும் அவரே தேக்கில் வடிவமைத்தார். சம்பளம் வேண்டாம் என்று சொல்லி ஆசிரமத்தில் ஒருவராகவே சேர்ந்துகொண்டார். சுந்தரானந்தா என்று அரவிந்தர் அவருக்குப் பெயரிட்டார். அழகில் ஆனந்தம் காண்பவர் என்று பொருள்.

போர்க்காலத்தில், 1942இல், அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தபோது நகாஷிமாவும் மனைவி, கைக்குழந்தையோடு ஐடகோ மாநில முகாம் ஒன்றில் அடைக்கப்பட்டார். அங்கே உடனிருந்த ஜப்பானியத் தச்சர் ஒருவரிடம், கிடைத்த கழிவுக் கட்டைகளை வைத்து மரபான தச்சுவேலையைக் கற்றார். விரிசல் விட்ட பலகையை எறியாமல், அந்த விரிசலின் குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவ மரத்துண்டைப் பதித்து நிறுத்துவது அவர் வேலையின் அடையாளமாயிற்று. மரத்தின் குறையை மறைக்காத கை அது. 1964இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்துக்கு வந்து அங்கும் மரச்சாமான்கள் வடிவமைத்தார்.

புதுச்சேரி எங்கள் ஊரிலிருந்து அரை நாள் பேருந்துத் தொலைவு. நவீன வடிவமைப்பு என்றால் கடல் கடந்து வருவது என்று நினைத்திருந்த எனக்கு, அதன் ஒரு வேர் நம் கடற்கரையில் ஊன்றியிருப்பது வியப்பாக இருந்தது. அந்தக் கழகம் 1961இல் தோன்றுவதற்கு வழியமைத்தது சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1958இல் இந்திய அரசுக்குத் தந்த அறிக்கை. அமெரிக்க நாற்காலிகளால் உலகப் புகழ் பெற்றவர்கள் இங்கே வந்து வியந்தது நம் செம்பைப் பார்த்து. எவ்வளவு நீர் பிடிக்கும், கையில் எப்படி இருக்கும், இடுப்பில் எப்படி இருக்கும், தலையில் எப்படி நிற்கும், எப்படிச் சாய்த்தால் எப்படி ஊற்றும் என்று தலைமுறை தலைமுறையாகக் கேள்வி கேட்டுக்கேட்டு அடைந்த வடிவம் அது என்றார்கள். கேள்விகள் எல்லாம் உடம்பைப் பற்றியவை. நான் சோபா வாங்கியபோது கேட்ட கேள்விகளை நினைத்துப் பார்த்தேன். துணியின் நிறம் சுவரோடு ஒத்துப்போகுமா, தவணை எத்தனை மாதம். உட்காரப்போகிறவளைப் பற்றி ஒன்றுமில்லை.

உட்காருகிறவரை விட்டுவிட்டுப் பொருளை மட்டும் கொண்டாடும் விந்தைக்குச் சண்டிகர் நல்ல எடுத்துக்காட்டு. 1950களில் அந்நகரம் எழுந்தபோது லெ கொர்பூசியேயின் உறவினர் பியர் ஜான்னரே, யூலி சௌத்ரி போன்ற இந்தியக் கட்டடக்கலைஞர்களோடு சேர்ந்து, தேக்கும் பிரம்பும் கொண்டு எளிய நாற்காலிகளை வடிவமைத்தார். உள்ளூர்த் தச்சர்கள் ஆயிரக்கணக்கில் செய்தார்கள். எழுத்தர்களும் மாணவர்களும் அவற்றில் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். பிறகு உடைந்த சாமான் என்று மொட்டைமாடிகளில் குவித்து ஏலத்தில் தள்ளினார்கள். அவற்றை வாங்கிப்போன ஐரோப்பிய வணிகர்கள் செப்பனிட்டுப் பல லட்சங்களுக்கு விற்றார்கள். 2011இல் மத்திய அரசு விற்பனைக்குத் தடை போட்ட பின்புதான் நமக்கு மதிப்புத் தெரிந்தது. எழுத்தர் உட்கார்ந்த நாற்காலி இன்று செல்வர் வீட்டில் சிற்பம்போல் நிற்கிறது.

இவ்வளவும் படித்த பின் ஊருக்குப் போனேன். தம்பி வீட்டு வாசலில் சிவப்பு நிறப் பிளாஸ்டிக் நாற்காலிகள். அழகியல் பேசும் நண்பர்கள் எல்லாரும் வெறுக்கும் பொருள், நானும் வெறுத்ததுண்டு. உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் செலுத்தி ஒரே வார்ப்பில் எடுப்பது. ஆணி இல்லை, மூட்டு இல்லை. ஆளை அறிந்த அளவும் இல்லை. ஆனால் அன்று அதில் உட்கார்ந்து தம்பியோடு நடவுக்கூலி பேசிக்கொண்டிருந்தவர், ஒருகாலத்தில் தெருவில் நின்று அப்பாவிடம் கூலி பேசியவரின் மகன். கால்மேல் கால் போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் "வாங்க சார், உக்காருங்க" என்று இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார். தேக்கு ஊஞ்சலும் திண்ணையும் செய்யாததை விலை மலிந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலி செய்துவிட்டது என்று எழுதினால் அது மிகை; செய்தவர்கள் மனிதர்கள், போராட்டம் அவர்களுடையது. ஆனால் யார் அமரலாம் என்ற பழைய பட்டியல் எழுதப்படாத நாற்காலியாக அது வந்தது. இழந்த ஊஞ்சலுக்காக ஏங்கும்போது இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நான் பொய் சொன்னவனாவேன்.

வெட்டிய வேம்பின் துண்டுகள் தம்பியின் மோட்டார்க் கொட்டகையில் ஆண்டுக்கணக்கில் உலர்ந்து கிடந்தன. அவற்றை ஏற்றிக்கொண்டு, பக்கத்து ஊரில் இன்னும் கையால் வேலை செய்யும் ஆசாரி ஒருவரையும் அழைத்துவந்தேன். எழுபதை நெருங்கியவர். படம் காட்டினேன், கைப்பேசியை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"பெரியம்மா, தரைல உக்காந்து எழுந்திரிங்க, பாப்போம்" என்றார்.

அம்மா எழுந்தாள். சோபாவில் உட்கார்ந்து எழச் சொன்னார். எழ முடியவில்லை. இரண்டு மூன்று முறை பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். "பாருங்க சார், எழுந்துக்கும்போது காலப் பின்னாடி இழுத்துக்கணும். இதுல அடிப்பக்கம் அடச்சிருக்குது, கால் எங்க போகும்? இடுப்பும் முட்டியவிடக் கீழ போவுது. கைக்கும் புடி இல்ல." வடிவமைப்பு நூல்கள் பல பக்கங்களில் சொல்வதை மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டார். பிறகு ஒரு நூலை எடுத்து, அம்மாவின் குதிகாலிலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்தார். பதினாறு அங்குலம். கடை நாற்காலிகள் பெரும்பாலும் பதினெட்டு.

ஆறு நாளில் செய்தார். ஒரு கட்டையில் துளை, மற்றதில் அதற்குள் புகும் நாக்கு. எங்கும் இரும்பாணி இல்லை. இருக்கை பதினாறு அங்குல உயரம், கெட்டியான பிரம்புப் பின்னல். முன்கால்களுக்கு இடையே குறுக்குச் சட்டம் கிடையாது. கால் தாராளமாகப் பின்னால் போகும். கைப்பிடிகள் இருக்கையைவிட மூன்று விரற்கிடை முன்னால் நீண்டு, பற்றி ஊன்ற வாகாக உருண்டிருந்தன. கூலியும் பிரம்பும் சேர்த்து ஆறாயிரத்து ஐந்நூறு. பார்க்க அப்படியொன்றும் அழகில்லை. சுவரின் நிறத்தோடும் ஒத்துப்போகவில்லை. என் மகள் அதைக் கூடத்தின் நடுவிலிருந்து சற்று ஓரமாக வைக்கலாமே என்றாள், நான் ஒப்பவில்லை.

முதல் சில நாள்கள் அம்மா அதில் விளிம்பில் மட்டும் உட்கார்ந்தாள், விருந்தாளிபோல. மாலையில் நான் கதவைத் திறக்கும் ஓசை கேட்டதும் எழுந்துவிடுவாள். "உக்காரும்மா" என்பேன். உட்காருவாள். மறுநாளும் எழுவாள். ஐம்பது ஆண்டுப் பழக்கம் நாற்காலி செய்த ஆறு நாளில் போய்விடுமா? என்னிடம் இல்லாத மிதிவண்டி மணி அவளுக்குக் கேட்டுக்கொண்டே இருந்திருக்க வேண்டும்.

போன வாரம் ஒரு மாலை. கதவைத் திறந்தேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முதுகு நன்றாகச் சாய்ந்திருந்தது. இரு பாதமும் தரையில் பதிந்திருந்தன. நிமிர்ந்து பார்த்தாள்.

"வந்துட்டியா? காப்பித்தூள் தீந்துபோச்சு. போய் வாங்கினு வந்துடு" என்றாள்.

எழுந்திருக்கவில்லை. நான் செருப்பைக் கழற்றாமல் அப்படியே கடைக்குத் திரும்பினேன்.